சிவப்பு வட்டு டைமர்: எல்.கே.ஜி. வகுப்புக்கு வாங்கலாமா?

மணி பார்க்கத் தெரியாத நாலு வயசுப் பிள்ளையிடம் "இன்னும் பத்து நிமிஷம்" என்றால் ஒன்றும் ஏறாது. டைம் டைமர் (Time Timer) என்ற இந்தக் கருவியில் 60 நிமிட முகப்பில் சிவப்பு வட்டைத் திருப்பி வைத்தால், நேரம் போகப் போகச் சிவப்பு சுருங்கி மறையும். எண் தெரிய வேண்டியதே இல்லை.

விளையாட்டுக்கு 30 நிமிடம் ஒதுக்கியிருந்தால் மொத்தமாக 30 வைக்காதீர்கள். முதலில் 25, பிறகு எடுத்து அடுக்கத் தனியாக 5. ஒரேயடியாக வைத்தால் ஒலி வரும்போது கட்டைகள் தரையில்தான் கிடக்கும். கை கழுவும் வரிசை தாமதமாகும், சாப்பாடும் தள்ளிப்போகும். நேரம் கரைவது பாடத்தில் மட்டும் அல்ல, இந்த இடைவெளிகளிலும்தான்.

கரும்பலகைக்கு மேலே மாட்டினால் வீண். பாயில் உட்கார்ந்த பிள்ளைக்குத் தெரியும் உயரத்தில், டீச்சர் நாற்காலிக்குப் பின்னால் வையுங்கள். கைக்கெட்டினால் வட்டைத் திருப்பிவிடுவார்கள் (அதுவும் சரியாக விளையாட்டு முடியும் நேரத்தில்).

2 நிமிடம் வைத்தால் சிவப்பு வெறும் கீற்றுதான். அதற்கு மணல் கடிகாரமே மேல். தூங்கும் நேரத்துக்கும் வேண்டுமென்றால், ஒலியை நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.