மெர்லினா, மோர்கோம்பா, தலையணை சைஸ் புத்தகமா?

பறவை பார்க்க ஆரம்பிக்கிறவர்கள் முதலில் கேட்பது எந்த பைனாகுலர் வாங்கலாம் என்று. அதற்கு 8x42 என்று சொல்லி முடித்துவிடலாம். அடுத்த கேள்விதான் வம்பு: போனில் சும்மா கிடைக்கிற ஆப் இருக்கும்போது காசு கொடுத்து புத்தகம் எதற்கு? மெல்போர்னில் நான் மூன்றையும் வைத்துக்கொண்டு சுற்றுகிறேன், போனில் அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் இலவச ஆப்பான மெர்லின், மைக்கேல் மோர்கோம்பின் கையேட்டை அப்படியே ஆப் ஆக்கிய மோர்கோம்ப், கார் பின்சீட்டில் 2017இல் ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. வெளியிட்ட 'தி ஆஸ்திரேலியன் பேர்ட் கைடு'. மூன்றும் ஒரே வேலைக்கு என்று நினைத்துத்தான் வாங்கினேன். அப்படி இல்லை.

வீட்டைச் சுற்றிப் பார்க்க மெர்லின் போதும். நம் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே முதல் குழப்பமே மைனாதான். 1860களில் மெல்போர்னில் கொண்டுவந்து விட்ட நம்ம நாகணவாய் ஒரு பக்கம், 'நாய்ஸி மைனர்' என்கிற மண்ணின் பறவை இன்னொரு பக்கம். பெயரைத் தமிழில் எழுதினால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஆனால் பின்னது தேன் குடிக்கும் ஹனிஈட்டர் குடும்பம், சொந்தமே கிடையாது. இரண்டுக்கும் மஞ்சள் அலகு, கண்ணுக்குப் பின்னால் மஞ்சள் திட்டு. உடம்பு காப்பிப் பொடி நிறத்தில் இருந்து, பறக்கும்போது இறக்கையில் வெள்ளை தெரிந்தால் நம்ம ஆள், சாம்பல் உடம்போடு கூட்டமாகக் கத்தி மற்ற பறவைகளை விரட்டிக்கொண்டிருந்தால் மைனர். மெர்லினில் ஒரு போட்டோ கொடுத்தால் போதும், இடத்தையும் தேதியையும் சேர்த்துப் பார்த்துச் சொல்லிவிடும். அந்தப் பகுதிக்கான பறவைத் தொகுப்பை முன்பே இறக்கி வைத்திருந்தால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும், ஆஸ்திரேலியாவில் ஊரைத் தாண்டினாலே சிக்னல் போய்விடும் என்பதால் இது பெரிய விஷயம்.

சரி, காக்கைக்கு வருவோம். இங்கேதான் போட்டோவை நம்பி நான் மூக்குடைபட்டேன். ஆஸ்திரேலியாவில் காக்கை இனம் ஐந்து, மூன்றை ரேவன் என்கிறார்கள், இரண்டை க்ரோ என்கிறார்கள். நம் வீட்டுக் காக்கை மாதிரி சாம்பல் கழுத்தெல்லாம் கிடையாது, ஐந்துமே முழுக் கறுப்பு, வளர்ந்தவற்றுக்கு வெள்ளைக் கண். ரேவனுக்கு இறகின் அடிப்பகுதி சாம்பல், க்ரோவுக்கு வெள்ளை என்று வித்தியாசம் உண்டுதான், காற்று அடித்து இறகு விலகினால் ஒழிய அது எந்தப் போட்டோவில் தெரியப்போகிறது? நான் எடுத்த படத்தை ஆஸ்திரேலியன் ரேவன் என்று ஆப் சொன்னது, நானும் அப்படியே பதிந்தேன். அது கத்தும்போதெல்லாம் இறக்கையை வெடுக் வெடுக்கென்று உதறியதை நேரில் பார்த்திருந்தும் அதன் அர்த்தம் தெரியவில்லை. அது லிட்டில் ரேவனின் பழக்கம், மெல்போர்ன் நகரத்தில் பெரும்பாலும் இருப்பதும் அதுதான். சிட்னிக்குப் போனால் ஆஸ்திரேலியன் ரேவன், கடைசிக் குரலை ஒப்பாரி மாதிரி இழுத்து முடிக்கும். பிரிஸ்பேனில் டாரஸியன் க்ரோ. டாஸ்மேனியாவில் ஃபாரஸ்ட் ரேவன் மட்டும்தான், அங்கே யோசிக்கவே வேண்டாம். காக்கைக்கு மோர்கோம்ப் ஆப்பைத்தான் திறக்கிறேன்: குரல் பதிவு உண்டு, சந்தேகப்படும் இரண்டு பறவைகளை அருகருகே வைத்தும் பார்க்கலாம். குரல் மெர்லினிலும் இருக்கிறது, ஆனால் அருகருகே வைத்துப் பார்ப்பதில்தான் காசு கொடுத்தது செரித்தது. (தயவுசெய்து இயர்போன் போட்டுக் கேளுங்கள். காட்டில் ஸ்பீக்கரில் போட்டால், தன் எல்லைக்குள் எவனோ வந்துவிட்டான் என்று பறவை கூட்டை விட்டுவிட்டு அலையும்.)

குரலையும் ஓரளவுக்குத்தான் நம்பலாம். டாண்டினாங் மலையில் ஷெர்புரூக் காட்டில் கூக்கபரா சிரித்தது, உடனே விப்பேர்ட் சொடுக்கியது, உடனே ரோசெல்லா கிளி. எல்லாம் ஒரே புதருக்குள்ளிருந்து. மற்ற பறவைகளின் குரலை அப்படியே மிமிக்ரி செய்யும் லயர்பேர்ட். இந்த இடத்தில் ஆப்பும் இல்லை புத்தகமும் இல்லை, பேசாமல் நின்று கேட்கலாம்.

புத்தகம் தன் விலைக்கு நியாயம் செய்வது வெர்ரிபீயில். மெல்போர்ன் நகரத்துச் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் பண்ணை அது, முன்கூட்டியே அனுமதி வாங்கிப் போக வேண்டும், நாற்றம் பத்து நிமிடத்தில் பழகிவிடும். கோடையில் சைபீரியாவிலிருந்து உள்ளான் வகைகள் ஆயிரக்கணக்கில் வந்து சேற்றில் குத்திக்கொண்டிருக்கும், 30 கிராம்கூட எடை தேறுமா என்று தோன்றும் ரெட்-நெக்ட் ஸ்டின்ட் உட்பட. கர்லியூ சாண்ட்பைப்பர் நம் கோடியக்கரைக்கும் வரும் ஆள்தான். எல்லாம் தூரத்தில், எல்லாம் பழுப்பு, கானல் வேறு. போன் கேமராவில் புள்ளிதான் விழும், புள்ளியை வைத்து எந்த ஆப்பும் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது அந்தக் கனமான புத்தகத்தை பானட் மேல் விரித்துவைத்தால், ஒரே மாதிரி இருப்பவை எல்லாம் பக்கத்தில் பக்கத்தில், இளம் பறவை, இனப்பெருக்கம் இல்லாத காலத்து உடை, இனப்பெருக்க உடை என்று வரிசையாக நிற்கும். ஷார்ப்-டெயில்ட் சாண்ட்பைப்பர் கூட்டத்தில் ஒன்றே ஒன்றுக்கு மார்புக் கோடுகள் கத்தரித்த மாதிரி சட்டென்று நின்று கீழே வெள்ளையாக இருந்தால் அது பெக்டோரல் சாண்ட்பைப்பர், அபூர்வம். எதைப் பார்க்க வேண்டும் என்று அந்தப் பக்கம் காட்டிய பிறகுதான் என் கண்ணுக்கு அது தெரிந்தது. தார்ன்பில் குருவிகளுக்கும் இதே கதை: நெற்றியில் செதில் மாதிரி இருந்து கண் சிவப்பாக இருந்தால் பிரவுன், உச்சியில் வெள்ளைக் கீற்று ஓடி மரத்தின் மேல்கிளையில் திரிந்தால் ஸ்ட்ரையேட்டட்.

குறை என்றால் கனம்தான். 900க்கும் மேற்பட்ட இனங்கள், தோள்பையில் போட்டு நடந்தால் மதியத்துக்குள் தோள் இறங்கிவிடும். சுருக்கப் பதிப்பு ஒன்றும் வந்திருக்கிறது, நடந்தே பார்க்கிறவர்கள் அதை வாங்கலாம்.

அப்புறம், பார்த்ததைப் பதிய ஈபேர்டா, பேர்ட்லைஃப் ஆஸ்திரேலியாவின் பேர்டேட்டாவா என்று கேட்பார்கள். ஊர் ஊராகப் போய்ப் பட்டியல் சேர்ப்பவருக்கு ஈபேர்ட், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் 2 ஹெக்டேரில் 20 நிமிடம் எண்ணப் பொறுமை உள்ளவருக்கு பேர்டேட்டா. என் லிட்டில் ரேவன் ஈபேர்டில் ரொம்ப நாள் தப்பான பெயரில்தான் உட்கார்ந்திருந்தது, போன மாதம்தான் திருத்தினேன்.