தாதியர் டிப்ளோமாவா, பட்டப்படிப்பா?

பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடிவு வந்த கையோடு கோலாலம்பூரில் பல வீடுகளில் எழும் கேள்வி இது. டிப்ளோமா 3 ஆண்டு, எஸ்.பி.எம். தகுதியோடு நேரே சேரலாம். பட்டப்படிப்பு பொதுவாக 4 ஆண்டு; அதற்கு முன் எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன் போன்ற பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்பு ஏதாவது ஒன்றைத் தாண்டியாக வேண்டும். இங்கே மலாயாப் பல்கலைக்கழகத்தில் அந்தப் பட்டப்படிப்பு உண்டு.

எந்த வழியில் போனாலும் வாசல் ஒன்றுதான்: மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வு, பதிவு, பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்கும் பணிச் சான்றிதழ். நள்ளிரவில் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நிமிடத்துக்கு எத்தனை சொட்டு இறங்குகிறது என்று எண்ணும் தாதியிடம் நோயாளி பட்டத்தைக் கேட்பதில்லை. வேறுபாடு பின்னால்தான் தெரியும். அரசுப் பணியில் பட்டதாரியின் தொடக்கச் சம்பளம் கூடுதல். விரிவுரையாளராகவும் பட்டம் தேவை.

ஆனாலும் என் அக்காள் மகளுக்கு டிப்ளோமாவைத்தான் சொன்னேன். அந்த வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவரே. வேலை பார்த்துக்கொண்டே பிறகு பட்டம் முடிக்கலாம். தனியார் மருத்துவமனை படிப்புச் செலவை ஏற்பதாகச் சொன்னால், எத்தனை ஆண்டு ஒப்பந்தம், இடையில் விலகினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துக்கு முன் வரி வரியாகப் படித்துவிடு என்றும் சொல்லியிருக்கிறேன்.