பொசுக்கு பொசுக்குன்னு ஆஃப் ஆன டெஸ்க்டாப்: அஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டுன அனுபவம்

2019 கடைசில அசெம்பிள் பண்ணுன மெஷின். ரைசன் 5 2600 ப்ராசசர், 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு. நமக்கு திருப்பரங்குன்றம், மாடில ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ரூம்ல கல்யாண ஆல்பம் டிசைனிங், வீடியோ எடிட்டிங்னு பொழப்பு ஓடுது. மெஷின் ஸ்பீடு பத்தி இன்னைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனா நடுவுல ஒரு சீசன் பூரா ரெண்டர் (எடிட் பண்ணுனத முழு வீடியோவா மாத்துற வேலை) போட்டா போதும், பொசுக்குன்னு அணைஞ்சிரும். ப்ளூ ஸ்கிரீன் கெடையாது, எர்ரர் மெசேஜ் கெடையாது, ஃபியூஸ் போன மாதிரி ஸ்கிரீன் இருட்டாயிரும், அம்புட்டுதான்.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடைல கொண்டு போய் வச்சேன். அங்க இருந்த தம்பி கேபினெட்ட தொறந்துகூட பாக்கல, "அண்ணே, விண்டோஸ் கரப்ட் ஆயிருக்கும்ணே, ஃபார்மட் போட்டா சரியாயிரும்"னு சொல்லிட்டான். "ஏம்ப்பா, ஃபோட்டோஷாப்ல நாள் பூரா உக்காந்தா ஒண்ணும் ஆகல, ரெண்டர் போட்டா மட்டும் எப்படிப்பா விண்டோஸ் கரப்ட் ஆகும்"னு கேட்டேன், பதில் இல்ல. மெஷின தூக்கிட்டு வந்துட்டேன். என்னைக் கேட்டா, ஆஃப் ஆகுற பிரச்சனைக்கு ஃபார்மட்ங்கிறது கடைசிக்கும் கடைசி.

முதல்ல பாக்க வேண்டியது ஈவன்ட் வியூவர். விண்டோஸ்லயே இருக்கு, சிஸ்டம் லாக்ல போய் பாத்தா கெர்னல் பவர் 41னு சிவப்புல கெடக்கும். இத பாத்துட்டு "கெர்னல் போச்சு"ன்னு பயப்பட வேணாம், "ஒழுங்கா ஷட்டவுன் பண்ணாம கரண்ட் போயிருச்சு"ங்கிறத தான் விண்டோஸ் மறுபடி ஆன் ஆனதும் எழுதி வைக்குது. அதுக்குள்ள டீடெயில்ஸ்ல பக்செக் கோட்னு ஒரு எர்ரர் நம்பர் இருக்கும். அது 0ன்னு இருந்தா விண்டோஸுக்கு ப்ளூ ஸ்கிரீன் எழுதக்கூட நேரம் கெடைக்கல, பெரும்பாலும் பவர் பக்கமோ சூடு பக்கமோ தான் தேடணும். வேற நம்பர் இருந்தா ரேம், டிரைவர்னு அங்கிட்டு போகணும். எனக்கு எல்லாமே 0.

அப்ப அக்னி நட்சத்திரம் வேற, ஷீட்டு ரூம் அனல் கக்குது, அதனால சூடா தான் இருக்கும்னு முதல்ல அத பாத்தேன். ப்ளோயர் வச்சு ஊதுனதுல வந்த தூசிய பாத்து வீட்டுக்காரம்மா படியில நின்னே திட்டுனாங்க. ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவுற தெர்மல் பேஸ்ட்டும் மாத்துனேன். என்னோடது மாதிரி ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டு வச்சிருக்கவங்க இந்த இடத்துல கவனம், பேஸ்ட் காஞ்சு போய் ஒட்டிக்கிட்டு இருக்கும், கூலர நேரா இழுத்தா ப்ராசசரும் சேந்து சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வந்துரும், பின் வளைஞ்சா அப்புறம் செலவு தான். கொஞ்ச நேரம் மெஷின ஓட விட்டு, ஆஃப் பண்ணி சூடு இருக்கும்போதே ஸ்க்ரூவ கழட்டி லேசா இடம் வலமா திருகி எடுக்கணும். இதெல்லாம் பண்ணி ரெண்டர்ல சிபியு 70 சொச்சத்துக்கு எறங்கிருச்சு. இந்த ப்ராசசர் 95 டிகிரி வரைக்கும் தாங்கும், அதத் தொட்டா கூட முதல்ல ஸ்பீட தான் கொறைச்சுக்கும். 70ல ஆஃப் ஆக வேண்டிய அவசியமே இல்ல. ஆனாலும் ஆஃப் ஆச்சு.

அப்ப தான் எஸ்எம்பிஎஸ் மேல, அதாவது மெஷினுக்குள்ள கரண்ட் பிரிச்சுக் குடுக்குற பெட்டி மேல சந்தேகம். அசெம்பிள் பண்ணும்போது கேபினெட் கூடவே குடுத்த பெட்டி, மேல பெருசா 450 வாட்ஸ்னு போட்டிருக்கும். டார்ச் அடிச்சு லேபிள படிச்சா 12 வோல்ட் லைன்ல 16 ஆம்ப்ஸ் தான்! பெருக்கி பாருங்க, 192 வாட். ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்புடுறது பூரா இந்த 12 வோல்ட் லைன்ல தான். கார்டு மட்டும் 125 வாட், ப்ராசசர் 65 வாட்னு சொன்னாலும் முழு லோடுல 88 வரைக்கும் இழுக்கும், கூட்டுனா 210 தாண்டிருது. மத்த லைன் வாட்டெல்லாம் கூட்டி 450ன்னு ஒட்டிருக்கானுக, அந்த கணக்கு நமக்கு எதுக்கு. அப்ப இத்தன வருஷம் எப்படி ஓடுச்சுன்னா, முன்னாடி ஆல்பம் வேலை மட்டும் தான், ப்ராசசரும் கார்டும் ஒண்ணா முக்குன சந்தர்ப்பமே இல்ல. 4கே வீடியோ ஆர்டர் எடுக்க ஆரம்பிச்ச பெறகு தான் சாயம் வெளுத்துச்சு. வெக்கைல கெபாசிட்டர் வேற வருஷா வருஷம் காஞ்சுக்கிட்டே வரும்.

மல்டிமீட்டர் இருந்தா ஒரு டெஸ்ட் பண்ணலாம். எஸ்எம்பிஎஸ்ல இருந்து வந்து சும்மா கெடக்குற நாலு பின் மோலக்ஸ் கனெக்டர்ல மஞ்சளுக்கும் கருப்புக்கும் நடுவுல வச்சுட்டு ரெண்டர் போடுங்க. 12 வோல்ட்டுக்கு அஞ்சு பர்சன்ட் மேல கீழ போகலாம், அதாவது 11.4ல இருந்து 12.6. எனக்கு ரெண்டர் ஏற ஏற 11.4க்கு கீழ எறங்கி பட்டுனு போச்சு. சந்தேகமே வேணாம்னு ஃப்ரெண்டு மெஷின்ல இருந்த நல்ல எஸ்எம்பிஎஸ்ஸ ராவோட ராவா கழட்டிட்டு வந்து மாட்டுனேன், விடிய விடிய ரெண்டர் ஓடுச்சு. மறுநாளே 550 வாட் ப்ரான்ஸ் ரேட்டிங் (கரண்ட் கம்மியா வீணாகும்) எஸ்எம்பிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டியாச்சு. இதுல 12 வோல்ட் லைன்லயே கிட்டத்தட்ட முழு வாட்டும் வரும், அத லேபிள்ல பாத்துட்டு தான் காசே குடுத்தேன். எஸ்எம்பிஎஸ்ஸ மட்டும் வீட்ல தொறந்து நோண்டாதீங்க, பிளக்க புடுங்குன பெறகும் உள்ள இருக்குற பெரிய கெபாசிட்டர்ல கரண்ட் நிக்கும். தூசி, எறும்பு, பல்லி எது உள்ள போயிருந்தாலும் தெரிஞ்சவங்கட்ட குடுங்க.

இதோட முடிஞ்சுதான்னா இல்ல. அடுத்த வருஷம் வேற தினுசு, கரண்ட் கட்டானா யுபிஎஸ் கீன்னு கத்தும், அடுத்த செகண்டே மெஷின் போயிரும். "புது எஸ்எம்பிஎஸ்ல ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்ட சீரா இழுக்குற சர்க்யூட்) இருக்கு, சாதா யுபிஎஸ் அதுக்கு ஒத்துக்காது, வீட்டு கரண்ட் மாதிரியே சீரான அலையா குடுக்குற ப்யூர் சைன் வேவ் யுபிஎஸ் தான் வாங்கணும்"னு ஆளாளுக்கு செலவு சொன்னாங்க. சில செட்ல அப்படி ஆகும், மறுக்கல. ஆனா பத்தாயிரத்த தூக்கி குடுக்குறதுக்கு முன்னாடி உள்ள இருக்குற பேட்டரிய பாக்கலாம்ல? 600 விஏ யுபிஎஸ்ல இருக்குறது 12 வோல்ட் 7 ஏஹெச் ட்ரை பேட்டரி ஒண்ணே ஒண்ணு. சூடு 10 டிகிரி கூடுனா இந்த மாதிரி பேட்டரிக்கு ஆயுசு பாதி ஆயிரும், நம்ம ஊரு வெயில்ல ஷீட்டுக்கு அடில வச்சா என்னத்துக்கு ஆகும். பேட்டரிய மட்டும் மாத்துனேன், அதே யுபிஎஸ் இன்னைக்கும் நிக்குது. அது தாங்குறது 360 வாட் தான், அதனால பிரிண்டர அதுல சொருகுறது இல்ல.

வெயிலு மழைன்னு ரெண்டு மூணு முகூர்த்த சீசன் தாண்டியாச்சு, ரெண்டர் நடுவுல அணைஞ்சதா ஞாபகமே இல்ல. மாசாந்திர பராமரிப்புன்னு நாள் பூரா கரண்ட எடுத்தா அன்னைக்கு லீவு, அதுக்கு எந்த யுபிஎஸ்ஸும் ஒண்ணும் பண்ண முடியாது. அடுத்து ஆர்டிஎக்ஸ் 3060 போடலாம்னு இருக்கேன், கார்டு 170 வாட், கம்பெனியே 550 வாட் எஸ்எம்பிஎஸ் போதும்னு தான் சொல்றான், அதனால அந்த செலவு இல்ல. பழைய 450 வாட் பெட்டிய ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயருக்கு வேணும்னு தங்கச்சி மகன் கேட்டுக்கிட்டே இருக்கான், குடுக்கல.