50 மீட்டர் பயிற்சிக்கு எந்தத் தோட்டா: மொத்த ரகமா, கிளப் ரகமா, பந்தய ரகமா?

ரைஃபிளில் குறிபார்த்துச் சுடப் பழகுகிறவர்களில் பெரும்பாலோர் .22 லாங் ரைஃபிள் தோட்டாவில் தொடங்குவதற்கு முதற்காரணம் அதன் விலைதான். அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் நிறுவனம் 1887 இல் கொண்டுவந்த இந்தத் தோட்டாவின் மெல்லிய உதைப்பும் அடங்கிய ஓசையும் அதற்குப் பிறகு வரும் வசதிகள். ஆனால் இந்த மலிவான வகைக்குள்ளேயே கீழ்ப்படிக்கும் மேல்படிக்கும் இடையே பல மடங்கு விலை வேறுபாடு இருக்கிறது. நீண்ட காலத்துக்கான பயிற்சித் தோட்டாவை ஒரே முறையாக வாங்குவது என்று அண்மையில் முடிவு செய்தபோது, மூன்று படிகளையும் ஒரே துப்பாக்கியில் வைத்துப் பார்த்தேன். நடுப்படியைத்தான் வாங்கினேன், ஆகவே இந்த அலசல் அதன் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

என் தேவையையும் சொல்லிவிட வேண்டும். கனமான குழல் கொண்ட, ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டைக் கையால் இயக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், 50 மீட்டர் தொலைவு, காகித இலக்கு, பெரும்பாலும் படுத்த நிலை. விரைவாகச் சுடும் போட்டிகளோ உலோகத் தகடுகளை வீழ்த்தும் விளையாட்டோ உங்கள் விருப்பமானால் கீழே உள்ள தீர்ப்புகளில் சில மாறும்.

போட்டியிடும் மூன்று ரகங்கள் இவை. முதலாவது, முந்நூறு, ஐந்நூறு எனப் பெரிய பெட்டிகளில் கொட்டித் தரப்படும் அதிவேக மொத்த ரகம். பெரும்பாலும் செம்புப் பூச்சுடன் 36 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் ஏறத்தாழ 0.065 கிராம்) எடையுள்ள குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 385 மீட்டர் வேகம். இரண்டாவது, ஸ்டாண்டர்டு வெலாசிட்டி எனப்படும் நிலைவேக ரகம். பூச்சில்லாத 40 கிரெய்ன் ஈயக்குண்டு, விநாடிக்கு ஏறத்தாழ 325 மீட்டர் வேகம். சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டி, எஸ்கே ஸ்டாண்டர்டு பிளஸ், எலி கிளப் ஆகியவை இதில் பலரும் அறிந்த பெயர்கள். பயிற்சிக் கூடங்களில் அதிகம் புழங்குவதால் இதைக் கிளப் ரகம் என்றே குறிப்பிடுகிறேன். மூன்றாவது, எலி டெனெக்ஸ், லாபுவா எக்ஸ்-ஆக்ட், ஆர்டபிள்யூஎஸ் ஆர்50 போன்ற உயர்நிலைப் பந்தய ரகம். எடையிலும் வேகத்திலும் கிளப் ரகத்தை ஒத்திருந்தாலும் தயாரிப்பிலும் தரத்தேர்விலும் காட்டப்படும் கண்டிப்பில் அது வேறு உலகம்.

மொத்த ரகத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. துப்பாக்கியைக் கையாளப் பழகுவதற்கும், புதியவர்களின் அச்சம் தெளிவதற்கும், கிட்டத்தில் வைத்த தகடுகளைச் சுடுவதற்கும் அது போதும். 50 மீட்டர் காகித இலக்கில் அதற்கு இரண்டு இடையூறுகள் இருக்கின்றன. அதன் குண்டு ஒலியின் வேகத்தை மிஞ்சிக் கிளம்பி, போகும் வழியிலேயே அந்த வேகத்துக்குக் கீழே இறங்குகிறது. ஒலிவேகத்தை ஒட்டிய அந்தப் பகுதியில் காற்றின் தடை திடீரென ஏறுவதால், குறுக்குக்காற்றில் அது மெதுவான குண்டைவிட அதிகமாக விலகுகிறது. வேகமாகப் போவது குறைவாகத்தான் விலகும் என்று பலரும் நினைப்பார்கள்; ஆனால் விலகலைத் தீர்மானிப்பது பயண நேரமன்று, காற்றின் தடையால் அந்தப் பயணத்தில் ஏற்படும் தாமதம். இன்னோர் இடையூறு சீரின்மை. அதுதான் இந்த அலசலின் மையப்பொருள் என்பதால் பிறகு வருகிறேன்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்ல வேண்டும். மீவேக ரகங்களில் சிசிஐ ஸ்டிங்கர் போன்ற சிலவற்றின் கூடு (குண்டையும் மருந்தையும் தாங்கும் உறை) வழக்கமான கூட்டைவிடச் சற்று நீளமானது. போட்டித் துப்பாக்கிகளில் இருக்கும் இறுக்கமான அறைகளில் (சுடும்போது தோட்டா அமரும் இடம்) அவற்றைச் சுடக் கூடாது. மலிவாகக் கிடைத்தது என்று எதையும் போட்டுப் பார்ப்பதற்கு முன் துப்பாக்கியின் கையேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

பந்தய ரகத்தின் சிறப்பை மறுப்பதற்கில்லை. என் துப்பாக்கியில் மிகச் சிறிய குரூப்பிங்கை, அதாவது துளைகள் நெருங்கி விழும் தொகுப்பை, தந்ததும் அதுதான். ஆனால் அதற்கும் நல்ல கிளப் ரகத்துக்கும் இடையே 50 மீட்டரில் நான் கண்ட வேறுபாடு என் கையின் நடுக்கத்தைவிடச் சிறியதாக இருந்தது. துப்பாக்கியை மேசைத் தாங்கியில் வைத்துச் சுடும்போது தெரிகிற அந்த வேறுபாடு, தோள்வாரில் தாங்கிப் படுத்துச் சுடும்போது என் பிழைகளுக்குள் கரைந்துவிடுகிறது. ஒவ்வொரு புள்ளியையும் பத்தில் ஒரு பங்காகப் பிரித்து எண்ணும் நிலைக்குப் போனவர்களுக்கு அந்த வேறுபாடே பதக்கத்தைத் தீர்மானிக்கக்கூடும். நான் அந்த நிலையில் இல்லை. மலிவான பயிற்சித் தோட்டாவைத் தேடுகிறவர்களில் பெரும்பாலோரும் அங்கே இருக்க மாட்டார்கள்.

இனி சீர்மைக்கு வருவோம். பயிற்சித் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முடிவானது என்பது என் கருத்து. இலக்குத்தாளில் எட்டு எண் வளையத்தில் ஒரு துளை விழுகிறது. அது விரல் இழுத்ததால் வந்ததா, மூச்சு தவறியதால் வந்ததா, காற்றால் வந்ததா, தோட்டாவால் வந்ததா என்று பிரித்தறிய முடியாவிட்டால் அந்தச் சுடுதல் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. தோட்டாவின் மீது சந்தேகம் இருக்கும்வரை ஒவ்வொரு பிழையையும் அதன் தலையில் கட்டிவிடலாம். நாளடைவில் மனம் அதற்குப் பழகியும் விடும். எனவே விலையை ஒரு தோட்டாவுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதைவிட, நம்பத்தகுந்த ஒரு துளைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதே பொருந்தும். அப்படிப் பார்த்தால் மொத்த ரகத்தின் மலிவு பெருமளவு கரைந்துபோகிறது.

எண்களில் சொன்னால் இது தெளிவாகும். விநாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்பும் குண்டு 50 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் தாழ்கிறது. ஒரு தோட்டாவுக்கும் அடுத்ததற்கும் இடையே விநாடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடு இருந்தால், அந்தத் தாழ்வு 7 அல்லது 8 மில்லிமீட்டர் மாறிவிடும். குழலின் அதிர்வு இதைச் சற்றுக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். சர்வதேசப் போட்டிகளின் 50 மீட்டர் ரைஃபிள் இலக்கில் பத்து எண் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், சுடுபவர் எந்தப் பிழையும் செய்யாமலேயே ஒரு துளை அந்த வளையத்தின் ஓரத்துக்குப் போய்விட முடியும் என்பது விளங்கும். வேகமானியில் பார்த்தபோது கிளப் ரகத்தின் நல்ல பெட்டிகளில் வேக வேறுபாடு விநாடிக்கு 10 மீட்டர் என்ற எல்லைக்குள் நின்றது. மொத்த ரகத்திலோ மிக வேகமான தோட்டாவுக்கும் மிக மெதுவானதற்கும் இடையிலான இடைவெளி அதைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டியது. அப்போது துளைகள் மேலும் கீழுமாக ஒரு சென்டிமீட்டருக்கும் அதிகமாகச் சிதறும். அது சுடுபவரின் குறையாகவே கண்ணுக்குத் தெரியும்.

இந்தச் சீரின்மையின் வேர், விளிம்பில் அடித்துத் தீப்பற்றவைக்கும் ரிம்ஃபயர் வகையைச் சேர்ந்த .22 தோட்டாவின் அமைப்பிலேயே இருக்கிறது. இதில் தனியான பிரைமர் (தீப்பற்றவைக்கும்) குப்பி கிடையாது. தீப்பற்றும் கலவை ஈரப்பதமாகக் கூட்டினுள் இடப்பட்டு, சுழற்றப்பட்டு, விளிம்பின் உள்மடிப்புக்குள் பரப்பப்படுகிறது. அந்தப் பரவல் சமமாக இல்லாவிட்டால், சுடுமுள் விளிம்பில் எந்த இடத்தில் அடிக்கிறது என்பதைப் பொறுத்துத் தீப்பற்றும் வலிமை மாறுகிறது. வெடிக்காமல் போன மலிவுத் தோட்டாவை வெளியே எடுத்து, சற்றுத் திருப்பிப் போட்டால் சில சமயம் வெடித்துவிடுவதன் காரணமும் இதுவே. (அப்படி வெடிக்காதபோது குழலை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு குறைந்தது அரை நிமிடமாவது காத்திருந்த பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும்.) அடிப்பகுதியின் நடுவில் தனி பிரைமர் கொண்ட சென்டர்ஃபயர் தோட்டாவானால் வெற்றுக் கூட்டில் நாமே மருந்தை அளந்து நிரப்பிச் சீராக்கலாம்; ரிம்ஃபயரில் அந்த வழியும் நடைமுறையில் இல்லை. தொழிற்சாலையிலிருந்து வந்ததைத்தான் சுட வேண்டும்.

மலிவுத் தோட்டாக்களை வாங்கி, விளிம்பின் தடிப்பை அளந்தோ எடை பார்த்தோ தரம் பிரித்துக்கொண்டால் போதுமே என்று சிலர் சொல்வதுண்டு. எடை பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 40 கிரெய்ன் குண்டும் அதன் கூடும் சேர்ந்த எடையில் வெடிமருந்தின் பங்கு ஓரிரு கிரெய்ன்தான். மருந்தில் ஏற்படும் சிறு வேறுபாடு குண்டிலும் கூட்டிலும் உள்ள வேறுபாட்டுக்குள் மறைந்துவிடும். விளிம்பை அளப்பது ஓரளவு பயன்தரலாம். ஆனால் மாலை முழுவதும் அளந்துகொண்டிருப்பதற்குப் பதிலாக அந்த நேரத்தில் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் வெற்றுப் பயிற்சி செய்தால் புள்ளிகள் அதிகம் கூடும்.

சீர்மையே முடிவான அளவுகோல் என்றானதும் தேர்வு பெயரைவிட்டு லாட் எண்ணுக்கு, அதாவது ஒரே தயாரிப்புத் தொகுதியைக் குறிக்கும் எண்ணுக்கு, நகர்ந்துவிடுகிறது. ஒரே பெயர், ஒரே பெட்டி, ஒரே தொழிற்சாலை என்றாலும், ஒரு லாட்டில் வந்த தோட்டாவும் அடுத்த லாட்டில் வந்ததும் ஒரு குறிப்பிட்ட குழலில் ஒரேமாதிரி நடந்துகொள்வதில்லை. எலி, லாபுவா போன்ற நிறுவனங்கள் போட்டியாளர்களின் துப்பாக்கியை வரவழைத்துப் பல லாட்டுகளைச் சுட்டுக் காட்டும் சோதனைக் கூடங்களை நடத்துவதே இதன் பொருட்டுத்தான். நம்மைப் போன்றவர்களுக்கும் அதே முறை சிறிய அளவில் பொருந்தும். என் துப்பாக்கிக்கு ஒத்துப்போன கிளப் ரக லாட் ஒன்று, ஒத்துப்போகாத, ஆனால் அதைவிட விலை கூடிய இன்னொரு ரகத்தின் லாட்டைத் தெளிவாக மிஞ்சியது. விலைப்படியில் ஏறுவதைவிட, நடுப்படியிலேயே நின்று லாட்டைத் தேடுவது சிக்கனமான வழி என்று நான் முடிவு செய்ததற்கு இதுவே காரணம்.

சோதிக்கும் முறையில் கவனம் தேவை. .22 இன் ஈயக்குண்டு கூட்டின் அதே விட்டத்தில், வெளியே தெரியும்படி, மசகு பூசப்பட்டு இருக்கும். ஒரு நிறுவனத்தின் மசகு மெழுகைப்போல் உலர்ந்திருக்கும். இன்னொன்றினுடையது கொழுப்பைப்போல் பிசுபிசுக்கும். ரகத்தை மாற்றியதும் முந்தைய ரகத்தின் மசகு குழலில் இருக்கும்வரை வரும் துளைகளை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. பத்து முதல் இருபது தோட்டாக்களைச் சுட்டுக் குழல் புதிய மசகுக்குப் பழகிய பிறகே எண்ணத் தொடங்க வேண்டும். மேசைத் தாங்கியில் வைத்து, காற்று அடங்கிய காலை வேளையில், ஐந்து தோட்டா கொண்ட குரூப்பிங்குகள் ஐந்தையாவது எடுத்து, அவற்றின் சராசரியைப் பார்க்க வேண்டும். மூன்று தோட்டாக்களில் அழகாக வந்த ஒரு குரூப்பிங்கைப் படம்பிடித்து வைத்துக்கொண்டு ஒரு லாட்டைக் கொண்டாடுவது வழக்கமாக நடப்பது. அதில் தற்செயலின் பங்குதான் அதிகம். ஐந்தில் மிக மோசமாக வந்த குரூப்பிங்கையே நான் முதலில் பார்க்கிறேன், பயிற்சியின்போது குழப்பப் போவது அதுதான் என்பதால்.

ஒத்துப்போகும் லாட் கிடைத்துவிட்டால், 50 தோட்டா கொண்ட பெட்டிகளாக அவ்வப்போது வாங்குவதை நிறுத்திவிட்டு, 500 கொண்ட பொதிகளாக, கைப்பணமும் உரிமமும் இடம் தரும் அளவுக்கு ஒரே லாட்டில் வாங்குவதே நல்லது. வைத்திருக்கக்கூடிய எண்ணிக்கையை உரிமம் கட்டுப்படுத்தும் இடங்களில் இந்த யோசனை முழுமையாகச் செல்லாது. அங்கே விற்பனையாளர் அதே லாட்டை எடுத்துவைத்துத் தவணையாகக் கொடுக்க முன்வந்தால் ஓரளவு ஈடுகட்டலாம். வெப்பம் அதிகமான இடத்தில் வைத்தால் மசகு உருகி வழியும் என்பதால், உலர்ந்த குளிர்ச்சியான இடத்தில், லாட் எண் தெரியும்படி, பூட்டி வைக்க வேண்டும்.

கிளப் ரகத்துக்குள் எது என்று கேட்டால் என் பதிலில் உறுதி குறைகிறது. என் குழலில் எஸ்கே ஸ்டாண்டர்டு பிளஸ் மற்றவற்றைவிடச் சீராக இருந்தது. அதற்கு அடுத்தபடியாக, விலை இன்னும் குறைந்த சிசிஐ ஸ்டாண்டர்டு வெலாசிட்டி வந்தது. இன்னொருவர் குழலில் இந்த வரிசை தலைகீழாகலாம். ஆகவே இதைத் தேடலைத் தொடங்கும் இடமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்களில் என் பழக்கம் மிகக் குறைவு. அவற்றில் சில, நிலைவேகத் தோட்டாவின் உந்துதல் போதாமல் அடுத்த தோட்டாவை ஏற்றத் திணறக்கூடும் என்பதால், அங்கே அதிவேக ரகத்துக்கு ஒரு நியாயம் உண்டு. 100 மீட்டரிலும் நான் அதிகம் சுட்டதில்லை. அந்தத் தொலைவில் விநாடிக்கு 10 மீட்டர் வேக வேறுபாடே ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் உயர வேறுபாட்டைக் கொண்டுவரும் என்று கணக்கு காட்டுவதால், பந்தய ரகத்துக்குக் கொடுக்கும் பணம் அங்கே வீணாகாமல் போகலாம்.

நல்ல லாட்டைப் பெற்றவர்கள் அதன் கடைசிப் பொதி தீரும்வரை காத்திருக்கக் கூடாது. அதைத் திறப்பதற்கு முன்பே அடுத்த லாட்டுகளின் மாதிரிப் பெட்டிகளை வாங்கி, பழைய லாட்டுடன் ஒரே நாளில், ஒரே தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்க்க வேண்டும்; பழையது கையில் இல்லாவிட்டால் புதியதை எதனோடு ஒப்பிடுவது?