பிரேக்கில் ஏர்: வீட்டில் எடுக்க எந்த வழி சரிப்படும்?

பெடலை மிதித்தால் கெட்டியாக நிற்காமல் பஞ்சுபோல் உள்ளே போகிறது, இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தால்தான் வண்டி நிற்கிறது என்றால் பெரும்பாலும் லைனில் ஏர் இருக்கிறது. பிரேக் ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். கால் கொடுக்கிற அழுத்தத்தைச் சக்கரம் வரை போகவிடாமல் அந்தக் குமிழே தின்றுவிடும். முதலில் ஏர் எப்படிப் புகுந்தது என்று பாருங்கள். ஹோஸ் மாற்றியதால் வந்தது என்றால் சரி, வீல் சிலிண்டர் (சக்கரத்தில் ஆயில் அழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளுகிற பாகம்) கசிந்து வந்தது என்றால் கசிவை நிறுத்தாமல் ஏர் எடுப்பது வீண் வேலை.

வழிகள் ஐந்து இருக்கின்றன. எல்லாவற்றையும் என் பழைய சின்ன காரில் (முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்) செய்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில் என்பதுதான் மெக்கானிக் கடைகளில் காலங்காலமாக நடக்கிற முறை. ஒரு ரிங் ஸ்பானர், நிப்பிளில் (ஏர் வெளியேற்ற ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக்கிலும் இருக்கிற சின்னத் திருகு) இறுக்கமாக நிற்கிற, உள்ளே ஓடுவது தெரிகிற ஒரு பிளாஸ்டிக் டியூப், அதன் நுனி மூழ்கும் அளவு பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டில், இவ்வளவு போதும். தம்பி உள்ளே உட்கார்ந்து மூன்று நான்கு முறை மிதித்துவிட்டு "பிடிச்சிருக்கேன்ணா" என்பான். நான் நிப்பிளை அரைச் சுற்றுத் தளர்த்துவேன், டியூபில் குமிழ் சரசரவென்று ஓடும், பெடல் இறங்கும். "விடாதே" என்று சொல்லி நிப்பிளை இறுக்கிய பிறகுதான் "விடு". இந்த வரிசை ஒருமுறை பிசகினாலும் எடுத்த ஏர் அப்படியே திரும்ப உள்ளே போகும், அதனால் அவசரக்காரரைப் பெடலில் உட்கார வைக்காதீர்கள். இன்னொன்று, பழைய வண்டியில் பெடலைத் தரை வரை மிதிக்க விடக்கூடாது. தினசரி ஓட்டத்தில் மாஸ்டர் சிலிண்டரின் (பெடல் மிதிக்கும்போது ஆயிலை லைனுக்குள் தள்ளுகிற பாகம்) சீல் போகாத ஆழத்தில் துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும், சீல் அங்கே போய்த் தேய்ந்தால் கிழிந்துவிடும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைப் போட்டுவிட்டால் அந்தப் பயம் இல்லை.

கையால் இழுக்கிற வேக்கம் பம்ப் துணைக்கு ஆள் இல்லாதவர்களை ஈர்க்கும். நானும் ஆசையாக வாங்கினேன். நிப்பிளைத் தளர்த்தியதும் அதன் மரை வழியாக வெளிக்காற்று டியூபுக்குள் நுழைந்துவிடுகிறது, குமிழ் நிற்கவே நிற்காது. லைனில் இருந்து வருகிற ஏர் எது, மரையில் நுழைகிற ஏர் எது என்று கண்ணால் பிரிக்க முடியாமல் அரை பாட்டில் ஆயிலை வீணாக்கினேன். மரையில் டெஃப்லான் டேப் சுற்றினால் குறையும், ஆனாலும் கடைசியில் பெடல் மிதித்துத்தான் முடிக்க வேண்டியிருந்தது. பழைய ஆயிலை மாஸ்டர் சிலிண்டர் மேல் இருக்கிற ஆயில் டப்பாவிலிருந்து உறிஞ்சி எடுக்க மட்டும் இந்தப் பம்ப் அருமை.

பிரஷர் முறையில் ஆயில் டப்பாவின் மூடிக்குப் பதிலாக ஓர் அடாப்டரைப் பூட்டி, மேலிருந்து 10 முதல் 15 பிஎஸ்ஐ கொடுத்துவிட்டு ஒவ்வொரு நிப்பிளாகத் திறந்தால் போதும். தனி ஆளாகச் செய்ய இதைவிடச் சுத்தமான வழி கிடையாது. ஆனால் நம் வண்டி மூடிக்குப் பொருந்துகிற அடாப்டர் கிடைப்பதுதான் பாடு. சரியாக உட்காராவிட்டால் ஆயில் பீறிட்டுப் பெயின்ட்டில் கொட்டி அதை உரித்துவிடும். முதலில் வெறும் காற்றை ஏற்றிக் கசிகிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஆயில் ஊற்றுங்கள், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.

மூடியைத் திறந்து, நிப்பிளையும் திறந்து, தானாகச் சொட்டவிடுவது நான்காவது. செலவே இல்லை, எதுவும் கெடாது, ஆனால் மெதுவோ மெது. லைன் மேடேறி இறங்குகிற இடத்தில் மாட்டிய குமிழ் இதற்கு அசையாது. ஐந்தாவது, நிப்பிள் வழியாகச் சிரிஞ்சால் ஆயிலைக் கீழிருந்து மேலே தள்ளுவது; பைக்குக்கு நல்லது. ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற அமைப்பு) உள்ள காரில் கீழே படிந்த கசடை, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற அதன் மாடுலேட்டருக்கு ஏற்றிவிடும் என்பதால் நான் தொடமாட்டேன். அந்த மாடுலேட்டருக்குள்ளேயே ஏர் போய்விட்டால் பல வண்டிகளில் ஸ்கேனர் இல்லாமல் வராது, பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

என் தேர்வு இதுதான்: நம்பிக்கையான ஆள் இருந்தால் பெடல் முறை, வருடா வருடம் நீங்களே செய்வதாக இருந்தால் பிரஷர். நம் வண்டிகளில் மாஸ்டர் சிலிண்டர் பெரும்பாலும் வலப்பக்கம் என்பதால் தூரத்தில் இருக்கிற இடது பின் சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். மூலைக்கு மூலை லைன் பிரித்த வண்டிகளில் வரிசை மாறலாம், மேனுவலைப் பாருங்கள். எந்த முறையானாலும் டப்பா வற்றவே கூடாது, நான்கைந்து மிதிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்து ஊற்றுங்கள். மூடியில் பிரேக் ஆயிலின் வகை டாட் 3 என்று இருக்கிறதா, டாட் 4 என்று இருக்கிறதா பார்த்துச் சீல் உடைக்காத பாட்டிலை வாங்குங்கள். திறந்து வைத்த பாட்டில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். பெயரில் ஆயில் இருக்கிறதே என்று இன்ஜின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப்போகும்.

எவ்வளவு எடுத்தும் பெடல் பஞ்சாகவே இருக்கிறதா? காலிப்பரை (டிஸ்க்கைப் பிடிக்கிற பாகம்) கழற்றி மாட்டியிருந்தால் நிப்பிள் மேல்பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது வலது மாறி மாட்டினால் நிப்பிள் கீழே வந்துவிடும், ஏர் மேலேயே தங்கிவிடும். அதைச் சரிசெய்து, இன்ஜினை ஓடவிட்டுப் பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, கால் மெல்ல இறங்கவில்லை என்று உறுதியான பிறகே வண்டியை வாசலுக்குள்ளேயே முன்னும் பின்னும் உருட்டி நிறுத்திப் பாருங்கள்.