பழைய ஸ்கேனரைக் கழிப்பதற்கு முன் சேன் போட்டுப் பாருங்கள்

இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலை பக்கம் கொமியூனிகேஷன் கடைகளில் (போட்டோகொப்பி, போன் கடைகளில்) மூலையில் கிடக்கும் பழைய ஃபிளாட்பெட் ஸ்கேனரை யாராவது குறைந்த விலைக்குத் தருகிறேன் என்றால் தயங்காமல் வாங்குங்கள். கண்ணாடி உடையாமல் இருந்து, உள்ளே விளக்கும் எரிந்தால் போதும். நான் பார்த்தவரைக்கும் இவற்றில் பலது பழுதாகி ஒதுக்கப்பட்டவை அல்ல, புது விண்டோஸுக்கு டிரைவர், அதாவது கணினியை ஸ்கேனரோடு பேசவைக்கும் மென்பொருள், கிடைக்காமல் ஒதுக்கப்பட்டவை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தில் ஸ்கேனர்களுக்கென்றே சேன் (SANE) என்ற திறந்த மூல டிரைவர் தொகுப்பு இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன்.

நான் ஸ்கேன் செய்வதெல்லாம் தோட்டத்துக் குடும்பங்களின் பழைய கடதாசிகள். பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள், தோட்டத்து மக்களின் பிரஜாவுரிமை பற்றி இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் வந்த பிரஜாவுரிமைக் கடிதங்கள், டிரங்குப் பெட்டியில் மடித்து மடித்து வைத்த சம்பளத் துண்டுகள். தாளை உள்ளே இழுக்கிற ஸ்கேனரில் போட்டால் இவை மடிப்பிலேயே கிழிந்துவிடும், போனில் எடுத்தால் ஓரம் வளைந்து முத்திரை மங்கிப்போகும். ஆகவே கண்ணாடி மேல் வைத்து எடுக்கிற ஃபிளாட்பெட்தான் வேண்டும். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு அதைப் புதிதாக வாங்குவது எங்கள் பக்கத்தில் லேசான காரியம் இல்லை.

சேனில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் அமைப்பு. திரையில் நாம் பார்க்கிற மென்பொருள் வேறு, ஸ்கேனரோடு பேசுகிற பேக்எண்ட் வேறு. பேக்எண்டை எழுதுகிறவர்கள் மூடியில் இருக்கும் பெயரைப் பார்ப்பதைவிட உள்ளே இருக்கும் சிப்பைத்தான் பார்க்கிறார்கள். ஜெனிசிஸ் பேக்எண்டை எடுத்துக்கொண்டால், ஜிஎல்646, ஜிஎல்841, ஜிஎல்847, ஜிஎல்124 என்று ஒரு சிப் குடும்பத்துக்கே அது ஒன்றுதான், அந்தச் சிப் எந்தக் கம்பெனியின் பெட்டிக்குள் இருந்தாலும் சரி. கம்பெனி கைவிட்ட மாடல் இங்கே உயிரோடு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி டீபக் விஷயம், அதாவது பிழை எங்கே என்று தேடிப் பிடிக்கும் வேலை. கையில் வந்த ஸ்கேனர் முதல் தாளை அருமையாக எடுத்தது. இரண்டாவது தாளுக்குச் சாதனத்தோடு தொடர்பில் பிழை என்று நின்றுவிட்டது. வயரைக் கழற்றிச் சொருகினால் மறுபடி ஒரு தாள், அப்புறம் அதே கதை. விற்ற கடையில் மோட்டார் போய்விட்டது என்றார்கள். மோட்டார் போயிருந்தால் முதல் தாள் எப்படி வரும்?

சேன் இந்த இடத்தில் உங்களை இருட்டில் விடுவதில்லை. சேன் ஃபைண்ட் ஸ்கேனர் என்ற சின்னக் கருவி, பேக்எண்ட் எதையும் தொடாமல், யூ.எஸ்.பி.யில் ஸ்கேனர் தெரிகிறதா என்று மட்டும் பார்க்கும். அதில் தெரிந்தால் வயரும் போர்ட்டும் பெரும்பாலும் சரி. அடுத்து ஸ்கேன்இமேஜ் கட்டளையில், சேனுக்குத் தெரிகிற ஸ்கேனர்களின் பட்டியலைக் கேளுங்கள். முதலாவதில் தெரிந்து இதில் தெரியாவிட்டால், ஒன்று உங்கள் மாடலுக்கு பேக்எண்ட் இல்லை, அல்லது இருந்தும் அமைப்புக் கோப்பில் அணைந்து கிடக்கிறது, அல்லது உங்கள் பயனர் கணக்குக்கு அனுமதி இல்லை. எல்லா அனுமதியும் உள்ள ரூட் கணக்கில் ஓட்டும்போது மட்டும் வேலை செய்தால் அனுமதிதான் சிக்கல், சாதனங்களை யார் தொடலாம் என்று சொல்லும் யூடெவ் விதியைச் சரிசெய்தால் தீர்ந்தது. அதையும் தாண்டினால் சேன் டீபக் என்று தொடங்கி பேக்எண்டின் பெயரில் முடியும் சூழல் மாறிக்கு (மென்பொருளை ஓட்டுமுன் நாம் கொடுக்கும் அமைப்புக்கு) ஓர் எண் கொடுக்க வேண்டும். எண் கூடக்கூட பேச்சும் கூடும், 255 கொடுத்தால் ஸ்கேனரோடு நடக்கும் பேச்சு வார்த்தை முழுவதும் டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், கொட்டும்.

என் விஷயத்தில் அந்தக் கொட்டலில்தான் விடை இருந்தது. இரண்டாவது ஸ்கேனில் மோட்டாரை நகர்த்தச் சொல்லும் கட்டத்துக்கே அது போகவில்லை, அதற்கு முன்பே யூ.எஸ்.பி. வாசிப்பு தோற்றிருந்தது. லெப்டொப்பின் பழைய யூ.எஸ்.பி. 2 போர்ட்டில் சொருகினால் எத்தனை தாளும் போகிறது, 3இல் மட்டும் நிற்கிறது. யூ.எஸ்.பி.யில் தரவுப் பொட்டலங்கள் 0, 1 என்று மாறி மாறிக் குறியிட்டுப் போகும். ஒரு ஸ்கேன் முடிந்து இணைப்பை மூடும்போது அந்தக் குறியை இரண்டு பக்கமும் ஒன்றாகத் தொடக்கத்துக்குக் கொண்டுவர வேண்டும், ஒரு பக்கம் மட்டும் விட்டுவிட்டால் அடுத்த பேச்சு புரியாமல் போகும். இதைத் தெரிந்தே சேன்காரர்கள் சேன் யூ.எஸ்.பி. வொர்க்அரவுண்ட் என்ற சூழல் மாறியை வைத்திருக்கிறார்கள். அதற்கு 1 கொடுத்தேன், அதற்குப் பிறகு நிற்கவே இல்லை. முதல் தடவை மட்டும் கண்டுபிடிக்கப்பட்டு அப்புறம் காணாமல்போகும் ஸ்கேனருக்கு இது உதவலாம் என்று யூ.எஸ்.பி. கையேட்டுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. மோட்டார் போய்விட்டது என்று கழிக்கப்பட்ட பொருளுக்கு ஒரு வரி மருந்து!

இன்னொன்று நம் காலநிலைக்கே உரியது. மழைக் காலத்தில் கண்ணாடிக்கு அடியில் ஈரம் கோத்து அழுக்கும் ஒட்டிக்கொள்கிறது. மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடாக ஒரு வரி விழுந்தால் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டாம். ஸ்கேனர் தொடங்கும் ஓரத்தில், கண்ணாடியின் உள்பக்கம், ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. அதைப் பார்த்துத்தான் அது தன் வெளிச்சத்தை அளந்து சரிசெய்கிறது. அங்கே ஒரு பொட்டு அழுக்கு இருந்தால் அது பக்கம் முழுக்கக் கோடாக வரும். பட்டையைத் துடைத்த பிறகு, ஜெனிசிஸ் பேக்எண்டாக இருந்தால், பழைய அளவுத்திருத்தத்தை அழிக்கும் தெரிவையும் ஒருமுறை பயன்படுத்துங்கள். சேமித்து வைத்த பழைய கணக்கையே அது எடுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் துடைத்தது தெரியவே தெரியாது.

ஒரு மதிப்பெண்ணைக் குறைத்தது இதற்காக: கையேடு தமிழில் இல்லை, டெர்மினலில் கொட்டும் லொக் வரிகள் புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக எழுதியவை. பாடசாலைப் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், தமிழில் நாலு பக்கம் இருந்தால் அவர்களே இந்த வேலையைச் செய்துவிடுவார்கள். சில பழைய மாடல்களுக்கு ஃபர்ம்வேர் கோப்பை (ஸ்கேனருக்குள்ளேயே ஓடும் மென்பொருளை) நாமே தேடி வைக்க வேண்டியிருப்பதும் தொல்லைதான்.

வாங்கப் போகிறவர்களுக்கு: சேனின் ஆதரவுப் பட்டியலில் மாடல் முழுமை அல்லது நல்லது என்ற தரத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஸ்கேனர்களில் ஒளியைப் பிடிக்கும் உணரி இரண்டு வகை. யூ.எஸ்.பி. வயரிலேயே மின்சாரம் எடுக்கும் மெல்லிய சி.ஐ.எஸ். வகை தனித் தாளுக்கு நல்லது, ஆனால் கண்ணாடியை விட்டுச் சற்று எழும்பிய மடிப்பைக்கூட மங்கலாக்கும். தடித்த செக்ரோல் புத்தகம் (தோட்டத்து வேலை, சம்பளப் பதிவேடு) என்றால் சி.சி.டி. வகையைத் தேடுங்கள், அதன் அடப்டரையும் கேட்டு வாங்குங்கள். கடையிலேயே லினக்ஸ் லெப்டொப்பில் சொருகி, வயரைக் கழற்றாமல், இரண்டு தாளாவது எடுத்துப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.