துணை பேட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையா? ரிலே, டிசி-டிசி சார்ஜர், சோலார், லித்தியம் ஓர் ஒப்பீடு

கேம்பர்வேனில் (தங்கிப் பயணிக்கும் வேன்) துணை பேட்டரி, அதாவது உள்ளே விளக்கு, ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் தரும் இரண்டாவது பேட்டரி, ஓர் இரவுகூடத் தாங்கவில்லை என்றால் பெரும்பாலும் புது பேட்டரி வாங்கத்தான் மனம் போகும். அது சரியான தீர்வாக இருக்கலாம். ஆனால் பழையதைக் கெடுத்த காரணம் வண்டியின் வயரிங்கிலேயே இருந்தால், புதிதாக வாங்கியதும் அதே வழியில்தான் போகும். ஆகவே எதை வாங்குவது என்று ஒப்பிடும் முன், கோளாறு வரவிலா (உள்ளே வரும் சார்ஜ்), செலவிலா (வெளியே போவது), பேட்டரியின் கொள்ளளவிலா என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

கொள்ளளவு: மெயின்ஸ் சார்ஜரில் (வீட்டு மின்சாரத்தில் ஓடுவது) முழுதாக ஏற்றி, எல்லா இணைப்பையும் கழற்றி, ஓர் இரவு சும்மா விடுங்கள். காலையில் லெட்-ஆசிட் அல்லது ஏஜிஎம் (அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும் லெட்-ஆசிட் வகை) பேட்டரி 12.7 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே இருந்தால் தகடுகளில் சல்ஃபேட் (கொள்ளளவைக் குறைக்கும் உப்பு) படிந்திருக்கிறது, இல்லையென்றால் ஒரு செல் போய்விட்டது. வோல்ட் சரியாக இருந்தாலும் நம்பிவிட முடியாது. 12 வோல்ட் 60 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். அது 5 ஆம்பியர் இழுக்கும். நல்ல 100 ஏஎச் (ஆம்பியர்-மணி: ஆம்பியரை மணி நேரத்தால் பெருக்கியது) பேட்டரி 10 மணி நேரம் எரிய விட்டு, அணைத்துச் சற்று ஓய்வு கொடுத்தபின் 12.2 வோல்ட் அருகில் நிற்கும். நாலைந்து மணி நேரத்திலேயே அந்த நிலைக்கு வந்துவிட்டால் பாதி கொள்ளளவு போய்விட்டது என்று பொருள். அப்போது பேட்டரி மாற்றித்தான் ஆக வேண்டும்.

செலவு: எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டரை (ஏசி மட்டும் அளப்பது உதவாது) நெகட்டிவ் கேபிளில் மாட்டுங்கள். 0.05 ஆம்பியர் என்றால் நாளுக்கு 1.2 ஏஎச், விட்டுவிடலாம். 0.8 ஆம்பியர் என்றால் நாளுக்கு 19 ஏஎச். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினால் எந்த லைன் என்று தெரியும். எல்லாவற்றையும் பிடுங்கியும் மீட்டர் இறங்கவில்லையா? இன்வெர்ட்டரைப் பாருங்கள். அது ஃபியூஸ் பாக்ஸ் வழியாக வராமல் நேராக பேட்டரியில் மாட்டப்பட்டிருக்கும். எந்த லோடும் இல்லாமல் ஆனில் இருந்தாலே 0.5 முதல் 1 ஆம்பியர் வரை குடிக்கும்.

ஃபிரிட்ஜ் கணக்கு வேறு. கம்ப்ரஸர் ஓடும்போது 4 ஆம்பியர், பாதி நேரம் ஓடினால் நாளுக்கு 48 ஏஎச். லெட்-ஆசிட்டில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்பதால், 100 ஏஎச் பேட்டரியின் ஒரு நாள் இருப்பை ஃபிரிட்ஜ் ஒன்றே தீர்த்துவிடும். இதைக் கோளாறு என்று சொல்ல முடியாது. ஆனால் ஃபிரிட்ஜுக்குப் போகும் வயர் மெல்லியதாக இருந்தால், கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் வோல்ட் விழுந்து, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதே ஃபிரிட்ஜ் நின்றுவிடும். பேட்டரி காலி என்று பலர் நினைப்பது இதைத்தான்.

ரிலேயா, டிசி-டிசி சார்ஜரா?

மூன்றில் வரவுதான் அதிகம் கவனிக்கப்படாதது. ஸ்டார்ட்டர் பேட்டரியையும் துணை பேட்டரியையும் இணைக்கும், வோல்ட் பார்த்து இயங்கும் சுவிட்சான ரிலே 13.3 வோல்ட் அளவில் சேரும், 12.8 அளவில் விலகும். எளிமையானது, கெட்டுப்போவதும் குறைவு. ஆனால் இடையில் உள்ள கேபிளில் விழும் வோல்ட்டை அது ஈடுகட்டாது. 6 சதுர மி.மீ. தாமிரக் கேபிள், போக 5 மீட்டர், வர 5 மீட்டர், 30 ஆம்பியர் என்றால் சுமார் 0.9 வோல்ட் வழியிலேயே போய்விடும். ஆல்டர்னேட்டர் (இன்ஜின் சுழற்றும் மின்னாக்கி) 14.2 கொடுத்தாலும் துணை பேட்டரிக்கு 13.3-தான் சேரும். 16 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.33 வோல்ட்டாகக் குறையும். அதனால் பழைய வகை ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பதே நியாயம்.

அளக்கும் வழி: துணை பேட்டரி பாதி இறங்கியிருக்கும்போது இன்ஜினை ஓட விட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை ஸ்டார்ட்டர் பேட்டரியின் பாசிட்டிவிலும் மறு முனையை துணை பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். இழப்பு நேராகவே தெரியும். நெகட்டிவ் பக்கமும் அப்படியே அளந்து கூட்டுங்கள். மொத்தம் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ஃபியூஸ் ஹோல்டர், க்ரிம்ப் (நசுக்கிப் பொருத்திய வயர் முனை), எர்த் போல்ட் மூன்றையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இடத்தில்தான் கோளாறு.

ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிக்கு ரிலே பொருந்தாது. ஸ்டார்ட்டர் பேட்டரி நிறைந்ததும் அந்த ஆல்டர்னேட்டர் வோல்ட்டை 12.5 அளவுக்குக்கூட இறக்கிவிடும். ரிலே விலகிவிடும், பேட்டரி நிறையாது. இங்கே டிசி-டிசி சார்ஜர்தான் வழி. உள்ளே வருவது குறைந்தாலும் கூடினாலும் அது 14.4 முதல் 14.7 வோல்ட் வரை நிலையாகக் கொடுக்கும். 30 ஆம்பியர் சார்ஜர் உள்ளே 40 ஆம்பியர் வரை இழுக்கும் என்பதால் இதற்கும் தடித்த கேபிள் வேண்டும். இரு முனையிலும் பேட்டரி இருப்பதால் கேபிளின் இரு முனையிலும் ஃபியூஸ் கட்டாயம்.

சோலார்

100 வாட் பேனல் நல்ல வெயிலில் நாளுக்கு 20 முதல் 30 ஏஎச் தரும். ஆம்பியர் கணக்கில் இது டிசி-டிசி சார்ஜரின் ஒரு மணி நேர வேலைதான். ஆனாலும் லெட்-ஆசிட் வைத்திருப்பவர்களுக்குச் சோலாரை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கடைசி 20 சதவீதத்தை அந்த வகை பேட்டரி மெதுவாகத்தான் வாங்கும். பல மணி நேரம் ஆகும். எவ்வளவு பெரிய சார்ஜர் வைத்தாலும் ஒரு மணி நேர ஓட்டத்தில் அது நிறையாது. நிறையாமல் நாள்கணக்கில் கிடந்தால் சல்ஃபேட் படியும். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து அந்தக் கடைசிப் பங்கை நிரப்புவது சோலார்தான்.

ஏஜிஎம்மா, லித்தியமா?

100 ஏஎச் ஏஜிஎம் 30 கிலோ அளவில் இருக்கும், பயன்படுவது 50 ஏஎச். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் 12 கிலோ அளவு, பயன்படுவது 80 ஏஎச்-க்கு மேல். பாதியில் விட்டாலும் கெடாது என்பதால் குறைந்த தூரம் ஓட்டுபவர்களுக்கு லித்தியமே மேல்.

ஆனால் பழைய ரிலேயிலேயே அதை மாட்டிவிடக் கூடாது. உள்தடை குறைவு என்பதால் ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் இழுத்து, ஐடிலில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் ஓடும்போது) ஆல்டர்னேட்டரைச் சூடாக்கிவிடும். டிசி-டிசி சார்ஜரின் விலையையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். மெயின்ஸ் சார்ஜரில் லித்தியம் செட்டிங் இருக்க வேண்டும். சல்ஃபேட் நீக்கும் மோடு இருந்தால் அணைத்துவிட வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும். கடுங்குளிரில் பயணிப்பவர்களுக்கு ஏஜிஎம் இன்னும் பொருத்தம், அல்லது லித்தியத்தை வண்டிக்குள் சீட்டுக்கு அடியில் வைக்க வேண்டும். லித்தியத்தில் வோல்ட்டைப் பார்த்து இருப்பு சொல்ல முடியாது, இருப்பு எவ்வளவு மாறினாலும் பெரும்பாலும் 13.2 அளவிலேயே நிற்கும். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எண்ணிக் காட்டும் ஷண்ட் மீட்டர் தேவை. பேட்டரி நெகட்டிவில் ஷண்டைத் தவிர வேறு எந்த வயரும் மாட்டக் கூடாது. ஒரு வயர் நேராகப் போனாலும் அந்தச் செலவு கணக்கில் வராது.

பழைய பேட்டரியோடு இன்னொன்றை இணையாகச் சேர்ப்பது மலிவாகத் தோன்றும். பழையது புதியதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். இரண்டு வேண்டுமென்றால் ஒரே வகை, ஒரே அளவில், ஒரே நேரத்தில் வாங்கி, பாசிட்டிவை ஒரு பேட்டரியிலும் நெகட்டிவை மற்றதிலும் குறுக்காக எடுங்கள். இரண்டும் சமமாக இறங்கும்.